எப்போதாவது கோல்ஃப் ஆடுகிறவர் எந்த டிரைவர் வாங்கலாம்? டெல்டாக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், குடியிருப்பது கும்பகோணத்தில். சிங்கப்பூரில் 11 வருஷம் வேலை பார்த்தபோது சனிக்கிழமை சாயங்காலம் ரேஞ்சுக்கு, அதாவது கோல்ஃப் அடித்துப் பழகும் திடலுக்கு, போய்ப் பந்தடிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பியும் விடவில்லை. வருஷத்துக்கு ஐந்தாறு தடவை கொடைக்கானல், சென்னை, கோவை என்று போய் ஆடிவிட்டு வருவேன், அவ்வளவுதான். நான் பயிற்சியாளர் அல்ல. எதையும் விற்பவனும் அல்ல. எங்கள் பக்கம் கோல்ஃப் மட்டை வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், யார் புதிதாக ஆரம்பித்தாலும் என்னிடம்தான் கேட்கிறார்கள். போனில் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனதை இங்கே எழுதி வைக்கிறேன்.

டிரைவர் என்பது எது? அதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

பையில் இருக்கும் மட்டைகளிலேயே நீளமானது, தலை பெரியது. ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும்போது, டீ என்ற சின்னக் குச்சியின் மேல் பந்தை வைத்து இதால் அடிப்பார்கள். மற்ற மட்டைகளைவிடத் தூரம் போவது இதில்தான். அதனால் விளம்பரமும் இதற்குத்தான், விலையும் இதற்குத்தான். வீட்டில் “ஒரு டிரைவர் வாங்கணும்” என்று சொன்னபோது அம்மா கேட்டது: “காரை நீதானே ஓட்டுற, அதுக்கு ஏன்டா ஆளு?”

ஒரு காலத்தில் இதன் தலை மரம். அமெரிக்காவில் விளையும் பெர்சிமன் மரத்தில் கடைந்தது. அது நம் கருங்காலிக்கு உறவு, இரண்டும் ஒரே பேரினம். (இன்றைக்குக் கருங்காலி மாலை விற்கிற விலையைப் பார்த்தால் மரத்தலை டிரைவரே மலிவு என்று தோன்றுகிறது.) 1979-இல் டெய்லர்மேட் கம்பெனி உலோகத் தலையைக் கொண்டுவந்தது. 1991-இல் கால்வே ‘பிக் பெர்த்தா’ என்று 190 சிசி கொள்ளளவில் ஒன்றை விட்டபோது, இவ்வளவு பெரிதா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இப்போது விதி அனுமதிக்கும் உச்சவரம்பு 460 சிசி. கடையில் பார்ப்பதில் பெரும்பாலானவை அந்த அளவிலேயே இருக்கும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம்தான் குறைவு. இவ்வளவு பெரிதாக இருந்தும் தலையின் எடை 200 கிராம் பக்கம்தான். உள்ளே காற்று.

நம் பக்கத்தில் மைதானமே இல்லையே, பிறகு எதற்கு இது?

நியாயமான கேள்வி. 18 குழி மைதானம் ஒன்றுக்கு 100 முதல் 150 ஏக்கர் வேண்டும். நம் கணக்கில் 15 முதல் 22 வேலி. நீர் பாயும் நஞ்சையில் 20 வேலியைப் புல்லுக்கு விடுங்கள் என்று யாராவது சொன்னால் ஊரே திரண்டு வந்து உதைக்கும், உதைக்கவும் வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் குழி என்றாலே நிலக்கணக்குதான்: 100 குழி ஒரு மா. எங்கள் பெரியப்பாவிடம் “18 குழி ஆடிட்டு வந்தேன்” என்று சொன்னால், “அஞ்சுல ஒரு பங்கு மா கூட இல்லையேடா” என்பார்.

ஆகவே நம்மவர்களுக்கு கோல்ஃப் என்பது ஊர் விட்டுப் போய் ஆடுவது. டிரைவர் தேர்வும் அதை ஒட்டித்தான் இருக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் ஆடுகிறவருக்குச் சொல்லும் யோசனை, வருஷத்துக்கு நாலு தடவை பஸ்ஸோ ரயிலோ ஏறிப் போய் ஆடுகிறவருக்குப் பொருந்தாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

அப்படியென்றால் டிரைவர் கட்டாயம் வேண்டுமா?

வேண்டியதில்லை. பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்றுதான் விதி. இத்தனையாவது இருக்க வேண்டும் என்று இல்லை. முதல் வருஷம் நான் 5 வுட் என்ற, டிரைவரைவிடக் குட்டையான மட்டை ஒன்றை வைத்தே டீயிலிருந்து அடித்தேன். தூரம் குறைந்தது, பந்து தொலைவதும் குறைந்தது. இன்னமும் ஒழுங்காக ஒரு இரும்பு மட்டையால் பந்தைத் தொட வராதவர், டிரைவரை ஆறு மாதம் தள்ளிப்போடுவதே நல்லது. ஆனாலும் வாங்குவீர்கள். அந்தச் சத்தம் ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் கடன் வாங்கியாவது வாங்குவோம். அதனால் மேலே போகலாம்.

எத்தனை டிகிரி வாங்க வேண்டும்?

கும்பகோணத்தில் டிகிரி என்றால் காப்பி. கோல்ஃபில் டிகிரி என்றால் லாஃப்ட்: மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், எவ்வளவு பின்னுக்குச் சாய்ந்திருக்கிறது என்ற கணக்கு. தலையின் அடியில் 9, 10.5, 12 என்று பொறித்திருப்பார்கள். இந்த ஒரு எண்ணைச் சரியாகப் பார்த்து வாங்கினால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதியவர்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு. முகம் நேராக நின்றால் பந்து முன்னால் பாயும், சாய்ந்தால் மேலே போய் வீணாகும் என்று. வேகமாக வீசுகிறவருக்கு அது ஓரளவு சரி. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் ஆண்கள் டிரைவரை மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்துக்கும் மேலே வீசுகிறார்கள். சாதாரணமாக ஆடும் ஆண்களுக்கு 150 பக்கம் வரும். 50 வயதைத் தாண்டி, நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவருக்கு 135, 140. இந்த வேகத்தில் 9 டிகிரி மட்டையால் அடித்தால் பந்து ஏறவே ஏறாது. தாழ்வாகப் போய்ச் சீக்கிரம் தரையில் விழுந்துவிடும். பந்து காற்றில் நிற்க வேண்டுமானால் ஏறும் கோணமும் வேண்டும், கொஞ்சம் பின்சுழற்சியும் வேண்டும். மெதுவாக வீசுகிறவருக்கு இரண்டையும் கொடுப்பது லாஃப்ட்தான். தோட்டத்துக் குழாயில் தண்ணீர் அழுத்தம் குறைந்தால் என்ன செய்கிறோம்? மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறோம் இல்லையா, அதேதான்.

இன்னொரு லாபமும் உண்டு. லாஃப்ட் கூடக்கூடப் பந்து பக்கவாட்டில் வளைவது குறையும். ஒரே கோணல் வீச்சை 9 டிகிரியில் அடித்தால் பந்து அடுத்த மைதானத்தில் விழும். 12 டிகிரியில் அடித்தால் ஓரத்துப் புல்லோடு தப்பிக்கும்.

எப்போதாவது ஆடுகிறவருக்கு 10.5-க்குக் கீழே வேண்டவே வேண்டாம். 12 கிடைத்தால் இன்னும் நல்லது. “12 எல்லாம் பெண்கள் மட்டை” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு, அவர் அடிக்கிற பந்து எங்கே போய் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள்.

ஷாஃப்டில் ஆர், எஸ் என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

ஷாஃப்ட் என்பது மட்டையின் தண்டு. அது எவ்வளவு வளையும் என்பதன் குறி. எல் பெண்களுக்கு என்றும், ஏ வயதானவர்களுக்கு என்றும், ஆர் சாதாரணம், எஸ் விறைப்பு, எக்ஸ் மிக விறைப்பு என்றும் சொல்வார்கள். இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. எந்த எழுத்துக்கு எவ்வளவு விறைப்பு என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ஆர் இன்னொரு கம்பெனியின் எஸ் மாதிரி இருக்கும். சட்டையில் 40 என்று போட்டிருந்தாலும் போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.

இதில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருந்தபோது முதல் டிரைவரை ஒரு கடையில் வாங்கினேன். விற்றவர் என்னை இரண்டு பந்து அடிக்கச் சொன்னார், “சார், உங்களுக்கு நல்ல பலம், எஸ்தான் சரி” என்றார். மனசு குளிர்ந்துவிட்டது. 9 டிகிரி, எஸ் ஷாஃப்ட், மூன்று வாரச் சாப்பாட்டுக் காசு. அதை எட்டு மாதம் வைத்துக்கொண்டு அல்லாடினேன். பந்து தாழ்வாகப் போய் வலது பக்கம் வழுக்கிக்கொண்டே போகும். தவறு என் கையில் என்றே நினைத்தேன். ஒரு நாள் பக்கத்து இடத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு சீனத் தாத்தா, ஒன்றும் பேசாமல் தன் மட்டையை நீட்டினார். மெல்லிசான ஏ ஷாஃப்ட், 12 டிகிரி. முதல் அடியே பந்து வாழைக்குலை சாய்வது மாதிரி மெதுவாக, உயரமாக, நேராகப் போய் விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது, பெருமைக்கு ஆசைப்பட்ட என் மேலேயேதான்.

மணிக்கு 135 கிலோமீட்டருக்குக் கீழே வீசுகிறவர் ஏ-யில் ஆரம்பித்துப் பாருங்கள். அதற்கு மேல் 150 வரை ஆர். அதைத் தாண்டினால் எஸ்ஸைத் தொட்டுப் பார்க்கலாம். வேகம் தெரியவில்லையா? உங்கள் 7-ஆம் எண் இரும்பு மட்டையில் பந்து காற்றிலேயே 130 யார்டு பக்கம் போனால் ஆர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார்டு என்றால் துணிக்கடையில் சொல்லும் கஜம்தான். ஷாஃப்ட் எடை 50 கிராம் பக்கம் இருந்தால் போதும்.

நீளம் கூடினால் தூரம் கூடுமாமே?

காகிதத்தில் கூடும். விதிப்படி 48 அங்குலம் வரை போகலாம். 2022 முதல் தொழில்முறைப் போட்டிகளில் 46-க்கு மேல் கூடாது என்று தடுக்கவும் இடமுண்டு. கடையில் தொங்குவது 45.5 அல்லது 45.75. ஆனால் நாள் பூரா இதையே தொழிலாகச் செய்யும் ஆட்டக்காரர்களில் பலர் 45-க்கும் கீழேதான் வைத்திருக்கிறார்கள். டைகர் உட்ஸ் தன் பேர் கொடிகட்டிப் பறந்த ஆரம்ப காலத்தில் 43.5 அங்குல டிரைவர்தான் வைத்திருந்தார். அவருக்கே அது போதுமென்றால் நமக்கு என்ன?

மட்டை நீண்டால் முகத்தின் நடுவில் பந்து படுவது அபூர்வமாகிவிடும். நடுவில் படாத அடியில் நீளத்தால் வந்த லாபம் போய், அதற்கு மேலும் போகும். ஷாஃப்டை அறுக்க அவசரப்பட வேண்டாம். முதலில் பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து 50 பந்து அடியுங்கள். நன்றாக இருந்தால் அப்புறம் அறுக்கலாம். அறுத்தால் தலை லேசான மாதிரி கையில் தெரியும். தலையின் அடியில் ஈய நாடா கொஞ்சம் ஒட்டினால் சரியாகிவிடும்.

‘மன்னிக்கும்’ டிரைவர் என்கிறார்களே?

நடுவில் படாத அடியைக்கூட ஓரளவு ஒப்பேற்றிக் கொடுப்பது. இரண்டு முனையிலும் பால்குடம் தொங்கும் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். திரும்பாது. அதே எடையை நடுவில் கட்டினால் சுலபமாகத் திரும்பும். டிரைவர் தலையிலும் எடையை ஓரத்துக்கும் பின்னுக்கும் தள்ளி வைத்தால், பந்து ஓரத்தில் பட்டாலும் முகம் முறுக்கிக்கொள்ளாது. இதுதான் சூட்சுமம். 2024-இல் பிங்கும் டெய்லர்மேட்டும் இந்த எதிர்ப்பின் கூட்டு அளவு 10,000-ஐத் தாண்டியதென்று சொல்லி ஆளுக்கொரு மாடல் விட்டன. பெயரில் ‘மேக்ஸ்’ என்று இருந்தால் பெரும்பாலும் இந்த வகை. ‘எல்எஸ்’, ‘டூர்’ என்று இருந்தால் நமக்கானது இல்லை, கீழே வைத்துவிடுங்கள்.

மட்டையின் முகம் பந்தை எவ்வளவு துள்ள வைக்கலாம் என்பதற்கும் விதியில் வரம்பு உண்டு. எல்லா நல்ல கம்பெனிகளும் அந்த வரம்பைத் தொட்டு வெகுகாலம் ஆகிறது. ஆகவே “போன வருஷத்து மாடலைவிட 15 யார்டு கூடும்” என்று யாராவது சொன்னால், நடுவில் பட்ட அடியைப் பற்றி அவர் பேசவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பந்து எப்போதும் வலது பக்கம் வளைந்து போகிறது. வேறு டிரைவர் வாங்கினால் சரியாகுமா?

இதற்குப் பெயர் ஸ்லைஸ். என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் வியாதி. வலக்கைக்காரர் வீசும் பாதை இடப்பக்கம் இழுக்க, மட்டையின் முகம் வலப்பக்கம் திறந்து நின்றால் பந்து வலதுக்கு வளையும். கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது கூடுதலாக வரும். குறுக்கே இழுத்து அடித்த கை.

குதிகால் பக்கம், அதாவது ஷாஃப்ட் சேரும் பக்கம், எடை கூட்டி வைத்த டிரைவர்கள் உண்டு. ‘டிரா’ என்றோ ‘எஸ்எஃப்டி’ என்றோ பெயரில் இருக்கும். முகம் கொஞ்சம் சீக்கிரம் மூட உதவும். வளைவைக் குறைக்கும், ஒழிக்காது. 40 யார்டு விலகுவது 25 ஆகலாம். மரத்துக்குள் போகும் பந்து மரத்துக்கு முன்னால் நின்றால் அதுவே பெரிசுதான்.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். காசு செலவில்லை. வீட்டில் இருக்கும் டால்கம் பவுடரை எடுத்து மட்டையின் முகத்தில் லேசாகத் தடவுங்கள். (அவசரத்துக்கு விபூதியும் வேலை செய்கிறது, வீட்டில் பெரியவர்கள் பார்க்காமல் இருந்தால்.) ஒரு பந்து அடியுங்கள். பந்து பட்ட இடத்தில் வட்டமாக ஒரு தடம், உள்ளே பந்தின் மேலுள்ள சின்னச் சின்னக் குழிகளின் அச்சு அப்படியே தெரியும். துடைத்துவிட்டு மறுபடி. பத்துப் பந்து. எனக்கு அன்றைக்குப் பத்தில் ஏழு குதிகால் பக்கம் விழுந்தது; ஒன்று ஷாஃப்டுக்கு விரல்கடை தூரத்தில். பந்து ஓரத்தில் பட்டால் டிரைவரின் தலை லேசாக முறுக்கிக்கொள்ளும். குதிகால் பக்கம் பட்டால் பந்துக்கு வலப்பக்கச் சுழற்சியும், மூக்குப் பக்கம், அதாவது எதிர் ஓரத்தில், பட்டால் இடப்பக்கச் சுழற்சியும் ஏறும். என் ஸ்லைஸில் பாதி வீச்சுக் கோளாறே இல்லை, நான் பந்துக்கு ரொம்பக் கிட்டே நின்றதுதான். அரை அடி தள்ளி நின்றேன். அரை லட்ச ரூபாய் மிச்சம்.

புதிதா, பழையதா?

பழையது. யோசிக்கவே வேண்டாம்.

புது மாடல் வெளிவரும்போது அமெரிக்காவில் 600 டாலர் பக்கம். இங்கே அரை லட்சத்தை ஒட்டி வருகிறது. இரண்டு, மூன்று வருஷம் கழித்து அதே மட்டை பாதி விலைக்கும் கீழே வந்துவிடும். நான் மேலே சொன்ன துள்ளல் வரம்பால் ஐந்தாறு வருஷப் பழசும் தூரத்தில் பெரிதாகக் குறையாது. பிங் ஜி400 மேக்ஸ் 2018-இல் வந்தது. இன்றைக்கும் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், வாங்குங்கள் என்று. ஜி425 மேக்ஸ், டெய்லர்மேட் சிம்2 மேக்ஸ், கால்வே மேவரிக் மேக்ஸ் இவையும் அப்படித்தான். அவ்வளவு கூட வேண்டாம், ஆரம்பத்துக்கு மலிவாகப் புதிது வேண்டும் என்றால் டெக்கத்லானின் இனெசிஸ் இருக்கிறது.

பழையது வாங்கும்போது மாடு பிடிக்கிற மாதிரி பார்க்க வேண்டும். தலையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே மணல் மாதிரி கலகலத்தால் உள்பசை உடைந்திருக்கிறது. அது பெரிய குற்றமில்லை, ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தலைமுடி மாதிரி மெல்லிய கோடு இருந்தால் அது விரிசல், வேண்டாம். மேல்பக்கம் உள்ள கீறலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், டீயோ, மேல்விளிம்பில் பட்ட பந்தோ போட்டது. ஷாஃப்டை நகத்தால் வருடிப் பாருங்கள். எங்காவது நார் பிரிந்து தட்டினால் அடியின் நடுவில் முறிந்துவிடும்.

போலிகள் நிறைய. புத்தம்புது மாடல், பத்தாயிரம் ரூபாய், இணையத்தில், என்றாலே போலி. ஷாஃப்ட் சேரும் கழுத்தில் வரிசை எண் இருக்கிறதா என்று படம் கேளுங்கள். கேட்டதும் பேச்சை நிறுத்துகிறவரிடம் நீங்களும் நிறுத்திக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் இருக்கும் மச்சானை வாங்கி வரச் சொல்லலாமா?

சொல்லலாம். அங்கே பழைய மட்டைகளுக்கென்றே கடைகள் உண்டு. ஆனால் “நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வா மாப்ள” என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் விலை கூடியதை நல்லது என்று நினைத்து, டூர் மாடல், எஸ் ஷாஃப்ட் என்று தூக்கிக்கொண்டு வருவார். திருப்பியும் கொடுக்க முடியாது, பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மாடல், டிகிரி, ஷாஃப்ட் எழுத்து மூன்றையும் எழுதி அனுப்புங்கள். வலக்கையா இடக்கையா என்பதையும். கோல்ஃப் மட்டையை விமானத்தில் கையோடு கொண்டுவர விடமாட்டார்கள், சரக்கில்தான் போட வேண்டும். தலைக்கு உறை மாட்டி, பழைய கைலி இரண்டைச் சுற்றினால் போதும். பில் இருக்கட்டும்.

கழுத்தில் திருகி டிகிரி மாற்றும் வசதி உதவுமா?

ஒரு தடவை உதவும். வாங்கின அன்று சரிசெய்துவிட்டு அப்புறம் அந்தத் திருகியைத் தொலைத்துவிடுங்கள். ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும்: டிகிரியைக் கூட்டித் திருகினால் முகம் கொஞ்சம் மூடும், குறைத்தால் திறக்கும். ஸ்லைஸ்காரர்களுக்குக் கூட்டுவது இரட்டை லாபம்.

கொடைக்கானலில் 215 யார்டு போன பந்து சென்னையில் 200-தான் போகிறது. மட்டை பழுதா?

மட்டை சரியாகத்தான் இருக்கிறது. மலையில் காற்று லேசு. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். அங்கே பந்து 8 சதவீதம் போலக் கூடுதலாகப் போகும். கும்பகோணமே கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர் கூட இல்லை; சென்னை அதற்கும் கீழே. 1895-இல் கொடைக்கானல் கிளப் தொடங்கிய காலத்திலிருந்து அங்கே போய் ஆடிவிட்டு இறங்கிய எல்லோரும் இந்தப் பொய்யான சந்தோஷத்தைப் பட்டிருப்பார்கள். அதனால் ஒரு விஷயம்: மலையில் அடித்துப் பார்த்து டிரைவர் வாங்காதீர்கள். கூடவே, மேடு பள்ளமான அந்த மைதானத்தில் நேராகப் போகும் பந்துக்குத்தான் மதிப்பு.

பயிற்சி எங்கே செய்வது? அறுவடை முடிந்த வயலில் அடிக்கலாமா?

ஆசை எனக்கும் வந்தது. சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்து, மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருக்கும் சித்திரை மாதம். கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. அண்ணன் வயலில் நின்று 12 பந்து அடித்தேன். களிமண் அந்தச் சமயத்தில் வெடித்துக் கிடக்கும். கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. ஐந்து பந்து கிடைத்தது. இரண்டு பந்து வெடிப்புக்குள் வெள்ளையாகத் தெரிந்தது, கரும்புச் சோகையைக் குச்சியாக்கி நோண்டியும் வரவில்லை. மிச்சம் எங்கே போனதென்றே தெரியாது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து, குறுவைக்கு உழுதபோது டிராக்டர்க்காரர் இரண்டு பந்தைக் கொண்டுவந்து அண்ணியிடம் கொடுத்து, “என்னமோ முட்டை மாதிரி இருக்குங்க” என்றிருக்கிறார்.

அதைவிட முக்கியம், ஆபத்து. நம் வேகத்தில் அடித்தாலே பந்து மட்டையை விட்டுக் கிளம்பும்போது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொடும். 46 கிராம் கல் மாதிரி. வயலில் ஆடு மேய்க்கிறவர் வரப்போரம் உட்கார்ந்திருப்பது தூரத்திலிருந்து தெரியாது. ஆகவே வயலில் டிரைவர் வேண்டாம். சிப்பிங் (கிட்டே விழுகிற மாதிரி மெல்லத் தூக்கி அடிப்பது) ஆடுங்கள், பஞ்சுப் பந்து அடியுங்கள்.

மொட்டை மாடியில் வலை கட்டுவதே சரி. நாகப்பட்டினத்தில் வாங்கின மீன் வலையை நான் இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டேன், பின்னால் ஓரடி இடைவெளி விட்டு ஒரு பழைய கனத்த ஜமுக்காளம். வலையை விறைப்பாகக் கட்டினால் பந்து திரும்பி நம் மேலேயே வரும். தொய்வாக விட வேண்டும். வலைக்கு எட்டடியாவது தள்ளி நிற்கலாம். தலைக்கு மேல் மின்கம்பி போகிற மாடி என்றால் அந்த யோசனையே வேண்டாம். பந்து எங்கே போகிறது என்று வலையில் தெரியாது; அதற்குத்தான் பவுடர்.

வீட்டுப் பெண்களும் ஆடுகிறார்கள். தனி டிரைவர் வேண்டுமா?

வேகம்தான் கணக்கு, ஆணா பெண்ணா என்பது இல்லை. மெதுவாக வீசுகிறவர் யாராக இருந்தாலும் 12 டிகிரி அல்லது அதற்கு மேல், லேசான எல் அல்லது ஏ ஷாஃப்ட். எக்ஸ்சியோ என்ற ஜப்பான் பிராண்டு மட்டைகள் லேசு. விலைதான் லேசு இல்லை.

இடக்கைக்காரர்களுக்கு?

கடையில் குறைவாகவே கிடைக்கும், பழையதில் இன்னும் குறைவு. பெயர்பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சன் சாப்பிடுவதும் எழுதுவதும் வலக்கையால். கோல்ஃப் மட்டும் இடக்கை. சிறு வயதில் அப்பாவுக்கு எதிரே நின்று பார்த்துப் பழகியதால் வந்தது. இன்னும் ஆரம்பிக்காதவர் என்றால் வலக்கை மட்டையில் ஒரு வாரம் முயன்று பாருங்கள். வரவில்லை என்றால் காத்திருந்து இடக்கையே வாங்குங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மட்டையை எப்படி வைத்துக்கொள்வது?

தலைக்கும் ஷாஃப்டுக்கும் ஒன்றும் ஆகாது. கெடுவது பிடியும் கையுறையும். ஐப்பசி, கார்த்திகையில் பையை மூடிவைத்தால் தோல் கையுறை பத்து நாளில் பூஞ்சை பூத்துவிடும். பிடியைச் சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். கோடையில் காரின் டிக்கியில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். ரப்பர் காய்ந்து பளபளவென்று வழுக்கும். கை வியர்க்கிறவர்கள் நூல் கலந்த பிடி மாற்றிக்கொள்ளலாம்.

தூரம் முக்கியமே இல்லை என்கிறீர்களா?

முக்கியம்தான், ஆனால் நாம் காசு கொடுத்து வாங்கும் தூரம் கொஞ்சம். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு அதிதி அசோக் நாலாவதாக வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஓர் அடியில் பதக்கம் போனது. விடிகாலையில் எழுந்து பார்த்தேன். அந்தப் போட்டியில் டிரைவரில் தூரம் குறைவாக அடித்தவர்களில் அவரும் ஒருவர். கூட ஆடியவர்கள் தாண்டி 40, 50 யார்டு முன்னால் நிற்பார்கள். இவர் பின்னாலிருந்து முதலில் அடித்துக் குழிக்குக் கிட்டே வைத்துவிட்டு, புட்டிங்கில், அதாவது பந்தை உருட்டிவிட்டு, குழிக்குள் போட்டுவிடுவார். என் மனைவிக்கு கோல்ஃபில் ஆனா ஆவன்னா தெரியாது. அன்றைக்குக் காப்பியை ஆறவிட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்து பார்த்தாள்.

கடைசியாக, நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

மூன்றாவது கையாக வாங்கின ஒரு மேக்ஸ் மாடல். 12 டிகிரி, ஏ ஷாஃப்ட், 44.5 அங்குலத்துக்கு அறுத்தது. அறுத்துக் கொடுத்தவர் கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் நண்பர்; மெல்லிய வாளால், தூள் பறக்காமல் ஈரத்துணி சுற்றி அறுத்தார். அடியில் ஈய நாடா மூன்று துண்டு. தலையின் மேல் நகக்கண் அளவுக்குப் பெயிண்ட் போயிருக்கிறது. எனக்கு முன்னால் வைத்திருந்தவரில் யாரோ டீயை ரொம்ப உயரமாக வைத்து அடித்திருக்கிறார். பந்தில் பாதி மட்டையின் மேல்விளிம்புக்கு மேலே தெரிந்தால் போதும், அதற்கு மேல் தூக்காதீர்கள்.